ஊர்ப்பொதுவுக்கு ஏற்ற இணையக் கருவி யாது?

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரி, இந்திய உவர்நீர் ஏரிகளுள் சில்காவிற்கு அடுத்த பரப்புடையது. அதன் கரையிலுள்ள மீனவர் குப்பங்கள் தம் அறிவைப் பேணவும் தம்முள் கலந்து பேசவும் இணையத்தில் ஓரிடம் அமைக்க விரும்பின், எக்கருவியைத் தெரிந்துகொள்ளுதல் நன்று? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அக்கருவிகள் பெரும்பான்மை மூவகைப்படும். முதலாவது வலைப்பதிவு. இதில் ஒருவரோ சிலரோ எழுத, ஏனையோர் படிப்பர். புதியது மேலும் பழையது கீழுமாக நிற்கும். 2003-இல் தோன்றிய வேர்டுபிரஸ் இதற்கு ஏற்றது. இரண்டாவது கருத்துமன்றம். ஒருவர் வினவப் பலர் விடையிறுப்பர். அவரவர் கூற்று அவரவர் பெயரால் நிற்கும். டிஸ்கோர்ஸ் இவ்வகையினது. மூன்றாவது விக்கி. இதனை 1995-இல் வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்கர் தொடங்கினார்; ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு ‘விரைவு’ என்பது பொருள். ஒரே பக்கத்தைப் பலரும் எழுதித் திருத்துவர். முன்னைய வடிவங்களும் அழியாது நிற்கும். 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியா, மீடியாவிக்கி என்னும் மென்பொருளால் இயங்குவது.

இவற்றுள் சிறந்தது எது என வினவுதல், வலைகளுள் சிறந்தது எது என வினவுதல் போலும். பிடிக்கும் மீனை நோக்கியன்றோ வலைக்கண்ணின் அளவு துணியப்படுகின்றது? முகத்துவாரம் மணலால் தூர்ந்தது என அறிவிக்க வலைப்பதிவு சாலும். தூர்ந்ததற்கு என் செய்வது என ஆராய மன்றம் வேண்டும். மீன்களின் ஊர்ப்பெயர், காற்றின் பெயர், வலையின் வகை ஆகியவற்றைத் தொகுக்க விக்கியே தக்கது. ஒருவர் விட்டதை மற்றொருவர் நிரப்புவர்.

எனினும், கருவிக்கு முன்னே துணியவேண்டுவது ஒன்றுண்டு. அவ்வேரிக் குப்பங்கள் சிலவற்றில் ‘பாடு’ என்னும் பழமுறை உண்டு. மீன்படும் நீரிடங்கள், உரிமையுடையோர்க்குச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிரப்படும்; நல்லிடம் ஒருவர்க்கே நிலைப்பதில்லை. ஆயினும் அவ்வுரிமை எல்லார்க்கும் உரியதன்று. புறத்தே நிற்போர்க்கு அது குறையே. இணையத்திலும் இவ்வினா எழும். யார் எழுதலாம்? யார் திருத்தலாம்? யார் படிக்கலாம்? இறால் மிகுதியாகப் படும் இடத்தை உலகறிய எழுதிவைப்பின், பயன்பெறுவார் ஊராரோ, பிறரோ? மீனின் பெயரை யாவர்க்கும் வழங்கலாம். மீன்படும் இடம் அத்தகையதன்று. இவ்வெல்லையை ஊர்ப் பெரியோர் மட்டுமன்றி, மீன் விற்கும் மகளிரும், பாட்டுமுறையில் உரிமை பெறாதாரும் உடனிருந்து வகுத்தல் வேண்டும்.

மீடியாவிக்கி, பக்கந்தோறும் படிப்போரைத் தடுத்தற்கென அமைந்ததன்று. ஆதலின் மறைக்கத்தக்கதை அதில் எழுதாதிருத்தலே காப்பு. டிஸ்கோர்ஸில் உறுப்பினர் மட்டும் காணும் பகுதிகளை அமைக்கலாம்.

இனி, எழுதியது யார் கையில் இருக்கும் என்பதும் நோக்கற்பாலது. மரத்தடி, ராயர் காபி கிளப் முதலிய தமிழ்க் குழுக்கள் ஒருகாலத்தில் யாகூ குழுமங்களில் உரையாடின. அந்நிறுவனம் பழைய பதிவுகளை நீக்குவதாக 2019-இல் அறிவித்து, 2020 டிசம்பரில் அச்சேவையையே நிறுத்திவிட்டது. படியெடுத்து வையாதார்க்கு இஃது எத்துணை இழப்பு! மேற்கூறிய மென்பொருள் மூன்றும் கட்டற்றவை; எழுதியதைப் படியெடுத்து வேறிடத்திற்குக் கொண்டுசெல்லலாம். ஆயினும், அவற்றைப் புதுப்பிக்கவும் வேண்டா விளம்பரங்களை நீக்கவும் ஒருவர் இடைவிடாது காத்தல் வேண்டும். காப்பாரின்றி எக்கருவியும் நில்லாது.

ஆகவே, சிறிய விக்கி ஒன்றில் தொடங்குதலே தக்கதென்பது எம் துணிபு. அதன் ஒவ்வொரு பக்கத்திற்கும் உரையாடற்பக்கம் ஒன்று உண்டாதலின், தொடக்கத்தில் வேறு மன்றம் வேண்டா. பேசுவோர் பெருகியபின் அமைக்கலாம். எழுதவியலாத முதியோர் கூறுவதைக் கேட்டெழுதும் பணி நம் போன்ற மாணவர்க்கு உரியது. எழுதியதை அவர்க்கே படித்துக்காட்டி, அவர் ஒப்பிய பின்னரே வெளியிடுதல் முறையாம்.