பங்காருக்குப் போட்டுவிடாதே

அரக்கோணம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. போனில் சொன்னால் 'சரி மாமா, சரி மாமா' என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். உன் பச்சைக் கிட்டார் பெடல் ஊமையாகிவிட்டதாம், பெரிய மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்றை இஎம்ஐயில் வாங்கப் போகிறாயாம். அம்மா சொன்னாள். வாங்காதே என்று நான் சொல்ல வரவில்லை, சம்பாதிக்கிறவன் நீ. பைக்குக்கு ஒரு இஎம்ஐ, போனுக்கு ஒரு இஎம்ஐ, இதற்கிடையில் வேலையையும் மாற்றப்போகிறாய் என்று கேள்வி. அந்தக் கதையை இப்போது எடுக்கவில்லை.

நண்பனின் கீபோர்டு அடாப்டரைச் செருகிய பிறகுதான் இப்படி என்றாயே, என் சந்தேகம் அங்கேதான். கிட்டார் பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். கீபோர்டு அடாப்டர்கள் பலவற்றில் நடுமுனை பாசிட்டிவ். தலைகீழாகக் கரண்ட் வந்தால் உள்ளே காவலுக்கு இருக்கும் டயோடு ஷார்ட் ஆகிவிடக்கூடும். அது செத்து மற்றவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். சில்லறைக் காசுச் சாமான்.

அடாப்டரைக் கழற்றிவிட்டுப் புது 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பார். இன்புட் ஜாக்கில் கேபிளைச் செருகினால்தான் பேட்டரி இணைப்பே கிடைக்கும், மறந்துவிடாதே. பேட்டரி சூடானால் உடனே பிடுங்கிவிடு. டயோடுதான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துகொள்ளலாம். லைட் எரிந்து சத்தமும் வந்தால் குற்றம் அடாப்டர் மேல். லைட் எரிந்தும் சத்தம் வரவில்லையென்றால்தான் வேலை இருக்கிறது.

அப்போது முதலில் ஜாக்குகளைப் பார். கேபிளைப் பிடுங்கிச் செருகி அங்கேதான் சால்டர் விடும். பார்வைக்கு ஒட்டியதுபோல இருக்கும், மரக்குச்சியால் லேசாக அசைத்தால் கரகரக்கும். நீ அனுப்பிய போட்டோவில் 4558 என்று ஒரு எட்டுக்கால் ஐசி தெரிகிறது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, அதன் எட்டாவது காலில் 9 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், 1, 7 கால்களில் ஏறக்குறைய 4.5 வோல்ட்டும் இருக்கிறதா என்று பார். அதுவும் சரியாக இருந்தால், ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளின் நடுக்கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்றைச் சேர்த்து, கேபிளின் கிரவுண்டைப் பெடல் கிரவுண்டில் கட்டிக்கொள். நண்பனைக் கிட்டார் வாசிக்கச் சொல்லிவிட்டு, இன்புட்டிலிருந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போ. எங்கே சத்தம் நிற்கிறதோ அதற்கு முந்தின இடத்துக்கும் அதற்கும் நடுவில்தான் கோளாறு.

இதைப் பெரிய வித்தை என்று நினைக்காதே. புனே ராஸ்தா பேட் வீட்டில் தாத்தா மர்ஃபி ரேடியோவைத் திறந்து, வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலை ஸ்க்ரூடிரைவரால் தொடுவார். 'ம்ம்' என்று உறுமினால் பின்பக்கம் நல்லாயிருக்கு என்பார். அந்த ரேடியோவை உன் பெரிய மாமா என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். கெட்டிருந்தது ஒரே ஒரு வால்வு. மாற்று வால்வு வாங்க நான் போயிருந்தேன். திரும்புவதற்குள் பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவிடம் எடைக்குப் போட்டுவிட்டார், மரப்பெட்டியோடு. கேட்டதற்கு, இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததாம்! தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் அண்ணன் வீட்டுக்குப் போனால் என் கண் தானாகவே ரேடியோ இருந்த அலமாரிப் பக்கம் போகிறது. சரி, விடு.

இன்னொன்று. கிட்டாரின் கொரகொரப்பான ஃபஸ் சத்தமே ஒரு பழுதில் பிறந்தது என்று நீதானே எனக்குச் சொன்னாய்? 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டில் கிரேடி மார்ட்டினின் பேஸ் கிட்டார் மிக்ஸர் கோளாறால் கொரகொரத்தது, இன்ஜினியர் கிளென் ஸ்னாடி அதைத் தூக்கிப்போடாமல் என்ன கெட்டது என்று ஆராய்ந்தது, 1962-இல் மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 பெடல் வந்தது, 1965-இல் கீத் ரிச்சர்ட்ஸ் அதை வைத்து 'சாடிஸ்ஃபேக்‌ஷன்' வாசித்தது. இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொன்ன பையன், தன் பெடல் ஊமையானதும் ஒரு போட்டோ எடுத்ததோடு மூடி வைத்துவிட்டான் என்றால் நான் என்ன நினைக்க?

சாமான் எல்லாம் புத்வார் பேட்டில் தாப்கீர் கல்லியில் கிடைக்கும். தக்டுசேட் கணபதியைக் கும்பிட்டுவிட்டு நடந்தே போகலாம். வாரநாள் காலையில் போ, தீபாவளி நெருங்கினால் சீரியல் லைட் வாங்கும் கூட்டத்தில் கால் வைக்க முடியாது. 25 வாட் சால்டரிங் அயர்ன், ரோசின் உள்ளே வைத்த 60/40 ஈயம், டயோடு இரண்டு மூன்று சேர்த்தே வாங்கு. சால்டர் புகையை முகத்தில் வாங்காதே. ஓர் இடத்தில் அயர்னை மூன்று நான்கு விநாடிக்கு மேல் வைத்தால் போர்டிலிருந்து தாமிரம் உரிந்துவிடும்.

புதுசு வாங்குவதா, இதைச் சரிசெய்வதா, உன் இஷ்டம். பெட்டியை வாங்கினாலும் மாமா கோபிக்க மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெடலைத் திறந்து, நான் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் வாங்கு, அவ்வளவுதான். ஆர்டர் போட்டுவிட்டாயானால் கேன்சல் செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று பார்.

ரொம்பப் பேசிவிட்டேன். உன் அத்தையும் அதையேதான் சொல்கிறாள். உன்னைப்போல் கை சுத்தமாகக் கிட்டார் வாசிக்கிறவன் நம் குடும்பத்திலேயே இல்லை, அரக்கோணத்திலும் இல்லை. அத்தை மாவடு போட்டிருக்கிறாள், ரயிலில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கணக்கில் கொஞ்சம் பணமும் போட்டிருக்கிறேன், அயர்னுக்கு வைத்துக்கொள். இஎம்ஐக்குக் கட்டினாலும் கேட்க மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. போர்டைப் பின்பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு.

உன் மாமா