வாசிக்காதவரைப் பாருங்கள்

முதல் தடவை பார்த்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம், புகை மண்டிய ஸ்டூடியோ. தொப்பியைக்கூடக் கழற்றாமல் சிலர் வாத்தியங்களோடு சுற்றி நிற்கிறார்கள். நடுவில் உயரமான ஸ்டூலில் ஒரு பெண்மணி. இசைத்தட்டு அட்டைகளில் தலையில் வெள்ளைப் பூவோடு பார்த்துப் பழகிய பில்லி ஹாலிடே இங்கே குதிரைவாலும் சாதாரண உடையுமாக, பக்கத்துக் கடைக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். பாடல் 'ஃபைன் அண்ட் மெல்லோ'. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகளின் ஹெட்போனை இரவல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவன், சாக்ஸபோன்காரர்களின் விரல்களையே கவனித்துவிட்டு, 'ஒலி சுமார்' என்று முடிவுகட்டி மூடிவிட்டேன்.

வாரக்கணக்கில் ஆனது, நான் பார்க்கவேண்டிய இடம் விரல் இல்லை என்று புரிய. பென் வெப்ஸ்டர் ஒரு சுற்று வாசித்து முடிக்கிறார். அடுத்து லெஸ்டர் யங் எழுந்து வருகிறார். பன்னிரண்டு பார் கொண்ட ஒரே ஒரு சுற்று, ஒரு நிமிடம்கூட வராது. அந்த நேரத்தில் கேமரா பில்லியிடம் போகிறது. அவர் பாடவில்லை, கேட்கிறார். ஒவ்வொரு ஸ்வரம் விழும்போதும் தலை மெல்ல அசைகிறது, உதடு லேசாகப் பிரிகிறது, அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவர் போலவும் அது வந்ததும் வியந்தவர் போலவும் அந்த முகம் மாறி மாறிப் போகிறது. கச்சேரியில் வயலின்காரர் கைக்கு ராகம் போனதும் பாடகரின் முகத்தைப் பார்ப்பது என் பழைய பழக்கம். அதை ஏன் இங்கே மறந்தேன் என்று தெரியவில்லை.

அது 1957 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பிய 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நிகழ்ச்சி. பில்லியும் லெஸ்டரும் முதன்முதலில் சேர்ந்து இசைத்தட்டுக்குப் பதிவுசெய்தது 1937 ஜனவரியில். லெஸ்டர் பில்லிக்கு வைத்த பெயர் 'லேடி டே'. பில்லி லெஸ்டருக்கு வைத்தது 'பிரெஸ்', பிரசிடெண்ட் என்பதன் சுருக்கம். ஒளிபரப்பு நாளில் லெஸ்டருக்கு உடம்பு சரியில்லை. 1959 மார்ச்சில் அவர் போனார், வயது 49. அதே வருடம் ஜூலையில் பில்லி, 44.

பார்க்கவேண்டியது கேட்பவரின் முகம் என்று தெரிந்த பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம்: எந்தப் பழைய ஜாஸ் வீடியோவையும் மூன்று முறை பார்ப்பேன். ஒருமுறை சும்மா. இரண்டாவது முறை வாசிக்காதவர்களை மட்டும். மூன்றாவது முறை ஒலியை அணைத்துவிட்டு. இரண்டாவது முறையில்தான் புதையல் கிடைக்கும். அதே நிகழ்ச்சியில் தெலோனியஸ் மங்க் 'ப்ளூ மங்க்' வாசிக்கும்போது பியானோவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கவுண்ட் பேஸி. கண்ணுக்கு நேரே ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது மங்குக்குப் பிடிக்கவில்லையாம். பேஸிக்கோ முகமெல்லாம் சந்தோஷம். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அந்த நிகழ்ச்சியைத் தயாரித்த ராபர்ட் ஹெரிட்ஜ்தான் 1959 ஏப்ரல் 2 அன்று மைல்ஸ் டேவிஸ் குழுவையும் படம்பிடித்தார். 'சோ வாட்'. தேதியைக் கவனியுங்கள். இந்தப் பாட்டு இடம்பெறும் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் ஒரு பாதி மார்ச் 2 அன்று பதிவாகியிருக்கிறது, மறுபாதி ஏப்ரல் 22 அன்றுதான் பதிவாகப்போகிறது. பின்னாளில் உலகமே மனப்பாடம் செய்யப்போகும் இசை பாதி முடிந்த நிலையில் இருக்கிறது. வீடியோவில் 'சோ வாட்'டை இன்னும் வேகமாக வாசிக்கிறார்கள். தன் சுற்று முடிந்ததும் மைல்ஸ் ஒதுங்கிக்கொள்ள, ஜான் கோல்ட்ரேன் ஆரம்பிக்கிறார். குழுவின் இன்னொரு சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லி அன்று தலைவலியால் வரவில்லை, அதனால் கோல்ட்ரேனுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான்.

பார்க்கத் தெரிந்துவிட்டது என்று தலைக்கனம் ஏறிய சமயத்தில்தான் மூக்குடைபட்டேன்.

சார்லி பார்க்கரும் கோல்மன் ஹாக்கின்ஸும் சேர்ந்திருக்கும் ஒரு வீடியோ கிடைத்தது. அருமையான ஒளி, துல்லியமான ஒலி. ஹாக்கின்ஸ் வாசிக்கும்போது பார்க்கர் சிரித்துக்கொண்டே பார்க்கிறார். 'ஒரு மேதையின் வாசிப்பை இன்னொரு மேதை ரசிக்கும் முகம்' என்று நீளமாக எழுதி, ஒலிப்பதிவுத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். பதில் ஒரே வரி: "சார், டிரம்ஸ்காரர் குச்சியைப் பாருங்க." பார்த்தேன். குச்சி சிம்பலில் படுவதற்கும் சத்தத்துக்கும் சில இடங்களில் பொருத்தமே இல்லை. அது 1950-இல் ஜியான் மிலி என்ற புகைப்படக் கலைஞர் எடுத்தது. இசையை முன்பே பதிவுசெய்து, அதை ஓடவிட்டு வாசிப்பது போல நடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கரின் சிரிப்புக்கு என் உரையைவிட எளிய காரணம் இருந்திருக்கலாம்: தாம் முன்பே வாசித்ததை இப்போது நடித்துக் காட்டும் பெரியவரைப் பார்த்து வந்த சிரிப்பு.

பார்க்கர் உண்மையிலேயே வாசிப்பதைக் கேமரா பிடித்த, ஒலியும் அந்த நேரத்து ஒலியாகவே இருக்கும் படம் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. 1952 பிப்ரவரி 24, டூமாண்ட் தொலைக்காட்சி, டிஸ்ஸி கில்லெஸ்பியுடன் 'ஹாட் ஹவுஸ்'. முதலில் பரிசு கொடுக்கிறார்கள், அசட்டுத்தனமாகப் பேசுகிறார்கள், பார்க்கர் விறைப்பாக நிற்கிறார். வாசிக்கத் தொடங்கியதும் உடம்பு துளிகூட அசையவில்லை, விரல்கள் மட்டும். படம் மங்கல், ஓரமெல்லாம் வளைந்திருக்கும். வீடியோ டேப் 1956-இல்தான் வந்தது. அதற்கு முன் தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் காப்பாற்ற ஒரே வழி, ஒளிரும் திரைக்கு முன்னால் பிலிம் கேமராவை வைத்து அதைப் படம்பிடிப்பது. கினெஸ்கோப் என்று பெயர். அதனால் இப்போதெல்லாம் ஒரு வீடியோ மங்கலாக இருந்தால் எனக்கு நம்பிக்கை கூடுகிறது. பளிச்சென்று இருந்தால் டிரம்ஸ் குச்சியைப் பார்க்கிறேன்.

இன்னொரு பொறி, இடவலம் மாறிய படங்கள். 1940-களில் அமெரிக்க மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் பனோரம் என்றொரு பெட்டி இருந்தது. பத்து சென்ட் போட்டால் சுமார் மூன்று நிமிடப் பாட்டுப் படம் ஓடும். எட்டுப் படங்கள் ஒரே சுருளில். எது வரிசையில் நிற்கிறதோ அதுதான் வரும், தேர்ந்தெடுக்க முடியாது. இந்தப் படங்களுக்கு சவுண்டிஸ் என்று பெயர். ஃபேட்ஸ் வாலர், டியூக் எலிங்டன் என்று பலர் இதில் இருக்கிறார்கள். பெட்டிக்குள் கண்ணாடியில் பட்டுத் திரையின் பின்பக்கம் விழவேண்டும் என்பதால் பிரதிகளை இடவலம் மாற்றியே அச்சடித்தார்கள். அந்தப் பிரதியைச் சாதாரணமாக ஓட்டிப் பதிவேற்றினால் எல்லோரும் இடதுகைக்காரர்கள். ஒருவர் இடது கையால் டிரம்பெட் வாசிக்கிறார் என்று அதிசயப்பட்டு, பிறகு அந்த ஆச்சரியத்தை யாருக்கும் தெரியாமல் விழுங்கியவன் நான். டிரம்பெட்டின் மூன்று பொத்தான்களை அழுத்துவது வலது கை. கோட்டின் கைக்குட்டைப் பை இடது மார்பில். இரண்டையும் பார்த்துவிட்டால் போதும். இந்தப் படங்களும் முன்பே பதிவுசெய்த இசைக்கு வாயசைத்தவைதான். ஆனால் வாலர் புருவத்தைத் தூக்கும் அழகுக்கு அதை மன்னிக்கலாம்.

சுருதி விஷயம் தற்செயலாகப் பிடிபட்டது. ஒரு ஐரோப்பியப் பிரதியைப் பார்க்கும்போது சும்மா கைபேசியில் சுருதிப்பெட்டியை நாலு கட்டையில் வைத்தேன். ஒட்டவில்லை. நாலரையிலும் ஒட்டவில்லை. இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. வினாடிக்கு 24 சட்டங்களாக எடுத்த பிலிமை ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்காக 25 சட்டங்களாக ஓட்டினால் எல்லாமே நாலு சதவீதம் வேகமாகும். சுருதியும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். கேட்பவருக்கு உடனே தெரியாது. ஆனால் அதோடு சேர்த்து வாசித்துப் பழக நினைக்கும் பிள்ளைகள் தங்கள் வாத்தியத்தைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார்கள். பிளேயரில் வேகத்தை 0.96 ஆக்கி, சுருதியும் சேர்ந்து இறங்கும்படி வைத்தால் சரியாகும்.

வண்ணம் பூசிய பிரதிகளை நான் தொடுவதில்லை. பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காரணம் உண்டு. 1944-இல் அதே ஜியான் மிலி இயக்கிய 'ஜாமின் தி ப்ளூஸ்' பத்து நிமிடப் படம். திரையில் முதலில் தெரியும் வட்டம் என்ன என்று யோசிப்பதற்குள் அது மெல்ல நிமிர்கிறது. லெஸ்டர் யங்கின் தொப்பியின் மேற்பகுதி. அந்தக் குழுவில் கிடார் வாசித்த பார்னி கெசல் மட்டும் வெள்ளையர். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாசிப்பதைக் காட்ட ஸ்டூடியோவுக்குத் தயக்கம். அதனால் அவரை நிழலிலேயே வைத்தார்கள். ஆக, அந்த இருட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வண்ணம் பூசுகிற மென்பொருள் அதை அழுக்கு என்று நினைத்து வெளிச்சம் போட்டுத் துடைத்துவிடுகிறது. சிகரெட் புகையோ, சாம்பார் கொதிக்கும் ஆவி போல ஆகிவிடுகிறது.

தேடுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: நட்சத்திரத்தின் பெயரை விட்டுவிட்டு, பாஸ் வாசித்தவர் பெயரைப் போடுங்கள். நட்சத்திரத்தின் பெயரைப் போட்டால் அதே இருபது வீடியோதான் திரும்பத் திரும்ப வரும். பிறகு, ஊர்ப் பெயரையும் அந்த நாட்டு மொழியையும் சேருங்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் 1933-இல் நேரடி ஒலியோடு வாசித்த அற்புதமான காட்சி ஒரு டேனிஷ் படத்துக்காக எடுத்தது. 1960-களின் பல நல்ல கச்சேரிகளைப் பதிவுசெய்து பத்திரப்படுத்தியவை ஐரோப்பிய நிலையங்கள். பிபிசியின் 'ஜாஸ் 625' ஓர் உதாரணம்.

தலைப்பில் உள்ள தேதியை நம்பவேண்டாம், ஆட்களை எண்ணுங்கள். சார்ல்ஸ் மிங்கஸ் குழு 1964 ஏப்ரலில் ஐரோப்பாவைச் சுற்றியது. 12-ஆம் தேதி ஆஸ்லோவில் எடுத்த படத்தில் டிரம்பெட் ஜானி கோல்ஸ் இருக்கிறார். 17-ஆம் தேதி பாரிஸ் மேடையில் அவர் உடல்நலம் குலைந்து விழுந்தார். 19-ஆம் தேதி பெல்ஜியத்தின் லியேஜில் எடுத்த படத்தில் ஐந்து பேர்தான். ஒருவர் இல்லாததே தேதிமுத்திரை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவில், ஆஸ்லோ படத்தில் அதே குழுவில் இருந்த எரிக் டால்ஃபியை வேறு விதமாகப் பார்த்தேன். சுற்றுப்பயணம் முடிந்ததும் ஐரோப்பாவிலேயே தங்கிவிடப்போவதாக அவர் சொல்லியிருந்தார். ஜூன் 29 அன்று பெர்லினில் இறந்துபோனார்.

கிடைத்ததைக் குறித்துவையுங்கள். நான் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதுகிறேன்: யார், எங்கே, எப்போது, ஒலி நேரடியா, படம் இடவலம் சரியா. வீடியோக்கள் ஒருநாள் காணாமல் போகும், நோட்டு இருந்தால் மறுபடி தேடலாம். காணாமல் போனது திரும்பியும் வரும். டிரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுன் 25 வயதில், 1956-இல் கார் விபத்தில் இறந்தார். அவர் வாசிக்கும் படமே இல்லை என்று நாற்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டெட்ராய்ட் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்திய நகைச்சுவைக் கலைஞர் சூப்பி சேல்ஸின் கார் ஷெட்டில் ஒரு பிலிம் கிடைத்தது. இரண்டு பாட்டு, சில நிமிடங்கள்.

போன மாதம் ஒருநாள், மூன்றாவது முறைப் பார்வையில் இருந்தேன். 'ஃபைன் அண்ட் மெல்லோ', ஒலி இல்லாமல். பால் தம்ளரோடு வந்த மனைவி பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாருங்க அந்தம்மா?"

சொன்னேன்.

"வாசிக்கிறவர ரொம்ப நாளாத் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கு."

"இருபது வருஷமா."

"அப்புறம் ஏன் இவ்வளவு தள்ளி நிக்கிறாரு?"

எத்தனையோ முறை பார்த்தும் அந்த இடைவெளி என் கண்ணில் படவில்லை. வீடியோவை ஆரம்பத்துக்கு இழுத்து, ஒலியைத் திரும்ப வைத்து, ஹெட்போனைக் கழற்றி ஒயரைப் பிடுங்கினேன். மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் மால் வால்ட்ரனின் பியானோ கேட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.