மே மாதத்தில் விடுதியில் யார்?



தர்மபுரிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் அந்த உண்டு உறைவிடப் பள்ளிக்கு நீ தயாரித்த தண்ணீர்த் திட்ட அறிக்கை என் கைக்கு வந்தது. பம்ப், குளோரின், குழிவெட்டுக் கணக்கெல்லாம் உனக்குத் தெரியும். அவற்றை நான் தொடப்போவதில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது ஏழாம் பக்கத்தில். கோடைப் பற்றாக்குறைக்கு மே மாதத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி லாரித் தண்ணீருக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறாய். மே மாதத்தில் விடுதியில் யார் இருக்கிறார்கள், தம்பி? வாட்ச்மேன் இருப்பார். பிள்ளைகள் ஏப்ரல் கடைசியிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் தவிப்பது பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை, பொதுத்தேர்வு நடக்கிற நாட்களில். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவன் பள்ளிக்கூட நாள்காட்டியைப் பார்க்கவில்லை என்றால் எப்படி?

இதே கோளாறுதான் போர்வெல் பற்றிய பக்கத்திலும். '2 இஞ்ச் தண்ணீர்' என்று எழுதியிருக்கிறாய். யார் சொன்னது? ரிக் வண்டிக்காரர். எப்போது? நவம்பரில், அடைமழை ஓய்ந்த வாரத்தில், கம்ப்ரசர் ஊதிக்கொண்டிருந்தபோது. பாறை வெடிப்புகளில் தேங்கிக் கிடந்ததெல்லாம் காற்றின் வேகத்தில் மேலே வரும். பார்க்க வெள்ளம் போலத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலம் கடினப் பாறை. அந்தப் பாறை நவம்பரில் கொடுத்த வாக்கை மார்ச்சில் காப்பாற்றாது. நாள் முழுக்க மோட்டாரை ஓட்டி, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்திய பிறகு எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பார்த்தால்தான் அது கணக்கு. அதையும் மார்ச் கடைசியில் பார்க்க வேண்டும்.

இங்கே என் பழைய பைத்தியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சப்மெர்சிபிள் இறக்கும்போது கூடவே ஓர் அரை இஞ்ச் பிவிசி குழாயையும் உள்ளே இறக்கு. அளவு நாடாவை விட்டால் கேபிளில் சிக்காமல் தண்ணீரைத் தொட்டுவிட்டு வரும். முழு மதிப்பீட்டில் அது ஒரு வரி, அற்பச் செலவு. உன் அறிக்கையில் அந்த வரி இல்லை. எவருடைய அறிக்கையிலும் இருப்பதில்லை. வாரம் ஒரு முறை மட்டம் பார்த்து ஒரு நோட்டில் எழுதினால், போர் ஜனவரியிலேயே சொல்லிவிடும், ஏப்ரல் எப்படி இருக்கும் என்று.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சப்மெர்சிபிள் எல்லாம் கிராமத்துக்கு வரவில்லை. கைப்பம்பு காலம். இந்தியா மார்க் 2 அப்போதுதான் ஊர் ஊராக இறங்கிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்த பம்பு என்று எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. லெதர் வாஷர் தேய்ந்தால் குழாயையும் ராடையும் முழுவதுமாக உருவ வேண்டும். உருவி வைத்த நேரத்தில் என் மேஸ்திரி ஒரு நூலில் நட்டைக் கட்டிப் போருக்குள் விடுவார். 'டப்' என்று சத்தம் கேட்டதும் நூலைப் பிடித்து, முழங்கணக்கில் அளந்து, சுவரில் கரிக்கோடு போடுவார். படிக்காத மனிதர். எந்த ஊரில் எந்த மாதம் பம்பு காற்றை இழுக்கும் என்று அவர் சொன்னால் தப்பாது. அலுவலகத்தில் அவரை 'நட்டு' என்று கேலி செய்தவர்கள் பிற்பாடு என்னையும் அப்படியே கூப்பிட்டார்கள்.

இருக்கட்டும். காலை நேரத்துக்கு வருகிறேன். 260 பேருக்குத் தலைக்கு 55 லிட்டர் என்று கிராமத்து வீட்டுக்கான அளவைப் போட்டிருக்கிறாய். விடுதிக்கு 135 என்பது உனக்குத் தெரியாததல்ல, பணம் பற்றாது என்று குறைத்திருப்பாய். அதைக்கூட மன்னிப்பேன். ஆனால் அந்தத் தண்ணீர் நாள் பூராவும் சீராகச் செலவாவதாகப் படம் போட்டிருக்கிறாயே! ஐந்தரை மணிக்கு மணி அடித்தால் ஏழுக்குள் அத்தனை பேரும் குளித்தாக வேண்டும். ஆளுக்கு இரண்டு வாளி, 30 லிட்டர். ஒன்றரை மணி நேரத்தில் 7,800 லிட்டர். நீ வரைந்திருப்பது பன்னிரண்டு திருகுகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் இஞ்ச் குழாய். முதல் நாலு திருகில் தண்ணீர் கொட்டும், கடைசியில் நூலாய் ஒழுகும். முதல் திருகுகளைப் பெரிய பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ஆறாம் வகுப்புக் குழந்தை குளிக்காமலே வகுப்புக்குப் போகும். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போதே இது நடக்கும். குழாயை இரண்டு இஞ்ச் ஆக்கு, இரண்டு பக்கமும் இணைத்து வளையமாகப் போடு.

இவ்வளவு திட்டிவிட்டேன். பதினோராம் பக்கத்தைப் படித்தபோது மட்டும் எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் போரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேலே. இந்த நிலையில் எல்லாரும் ஆர்.ஓ. இயந்திரம் என்று எழுதுவார்கள். பாதித் தண்ணீர் சாக்கடைக்குப் போகும், வடிகட்டியை யாரும் மாற்றமாட்டார்கள், ஒரு வருடத்தில் அதன்மேல் பாத்திரம் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நீ குடிக்கவும் சமைக்கவும் கூரை மழைநீர், குளிக்கத் துவைக்கப் போர் என்று இரண்டு வழியாகப் பிரித்துவிட்டாய். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது என்பதைச் சமையலருக்கு எழுதி ஒட்டவும் சொல்லியிருக்கிறாய். உன் வயதில் எனக்கு இது தோன்றியிருக்காது. என்னோடு வேலை பார்த்தவர்கள் எவருக்கும் தோன்றியதில்லை.

ஆனால் தொட்டி 50,000 லிட்டர் போதாது. தலைக்கு 5 லிட்டர் என்றால் நாளுக்கு 1,300. புத்தாண்டு அன்று தளும்ப நிறைந்திருந்தாலும் பிப்ரவரி முதல் வாரத்தோடு தரை தெரியும். ஏப்ரல் வரை தாங்க 1,56,000 வேண்டும். 800 சதுர மீட்டர் கூரை, 800 மில்லிமீட்டர் மழை, ஐந்தில் ஒரு பங்கு வீண் போனாலும் ஐந்து லட்சம் லிட்டருக்கு மேல் இறங்கும். மழைக்குப் பஞ்சமில்லை. லாரிக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்துத் தொட்டியில் போடு. ஃபெர்ரோசிமெண்ட் தொட்டியாகவே மூன்று கட்டு. ஒன்றைக் கழுவும்போது மற்ற இரண்டும் ஓடும்.

திருத்திய மதிப்பீட்டை அனுப்பும்போது அரை இஞ்ச் குழாய் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மேலே எழுதிவிடு. எனக்குத் தேடப் பொறுமை இல்லை.