விருத்தாசலத்தில் காலாற நடக்க: சில குறிப்புகள்

1. மலையேறும் ஷூ வேண்டாம். பழமலைநாதர் குடிகொண்ட ஊர்தான். ஆனால் மலை கண்ணுக்குத் தெரியாது. பூமிக்குள் அமிழ்ந்துவிட்டது என்கிறது தலபுராணம். கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு போதும்.

2. பழமலைநாதர் என்கிற விருத்தகிரீசுவரர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், கல்தளமும் சுடும். கோபுரம், பிராகாரம், தீர்த்தம், தேர் எல்லாமே இங்கே ஐந்தைந்து. பிள்ளைகளை எண்ணச் சொல்லிவிட்டால் ‘கால் வலிக்குது’ என்ற புலம்பல் வராது. ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படியிறங்க வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் மேலே நின்றே கும்பிடலாம்.

3. தலமரமான வன்னியைத் தவறவிடாதீர்கள். திருப்பணி செய்தவர்களுக்கு விபசித்து முனிவர் இந்த மரத்து இலையைத்தான் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னானதாம். எனக்குப் பிடித்த கதை இதுதான்.

4. மணிமுத்தாற்றில் தண்ணீர் பார்க்க ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வாருங்கள். மாசி மகத்தன்று கூட்டம் நெரியும். நடைக்கு ஏற்ற நாள் அல்ல.

5. மேற்கே சுமார் 3 கி.மீ. தூரத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். மனக்குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டுவது இங்கே வழக்கம். பேனாவும் தாளும் கையோடு இருக்கட்டும். காரியம் முடிந்ததும் வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

6. சுற்றுவட்டாரத்தில் முந்திரித் தோப்புகள் நிறைய. பங்குனி, சித்திரையில் பழம் கிடைத்தால் உப்புத் தொட்டுச் சாப்பிடுங்கள், தொண்டை கரகரக்காது. சாறு சட்டையில் பட்டால் கறை போகாது. பச்சைக் கொட்டையை மட்டும் பல்லால் கடிக்கவோ கையால் உடைக்கவோ விடாதீர்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்ட இடம் பொத்துப்போகும்.

7. இவ்வூரில் பீங்கான் வாங்குவதாக இருந்தால், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சுமந்துகொண்டு நடக்க முடியாது. ஊறுகாய் ஜாடியை விரலால் சுண்டிப் பாருங்கள். ‘ணங்’ என்றால் சரி. சத்தம் மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல். விளிம்பிலும் அடியிலும் மெருகு விட்டுப்போயிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே ஊறுகாய் போட வேண்டும். மெருகிடாத அகல் வாங்கினால் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து உலர்த்திவிட்டு ஏற்றுங்கள். எண்ணெய் அதிகம் குடிக்காது.