உளவியல் இளங்கலை: மூன்று ஆண்டுகளை எப்படிச் செலவிடுவது?

சென்ற ஜூன் மாதம் என்னைப் பார்க்க வந்த மாணவி ஒருவர் கோப்பைத் திறந்து மேசைமேல் அடுக்கினார். 11 சான்றிதழ்கள். மனநல ஆலோசகர், குழந்தை உளவியல் வல்லுநர், கையெழுத்து ஆய்வாளர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பட்டம். எல்லாம் இணைய வகுப்புகள். சில இரண்டே மணி நேரத்தில் முடிந்தவை. வீட்டில் கட்டிய பணம் 18,000 ரூபாய். பி.எஸ்சி. உளவியல் இறுதியாண்டுக்குப் போகிறவர். "இதை வெச்சு நான் பிராக்டிஸ் ஆரம்பிக்கலாமா மேடம்?" என்று கேட்டார். முடியாது என்றேன். மனநலப் பாதிப்பு உள்ள ஒருவரோடு அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தத் துறையின் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் அவருக்குக் காட்டவில்லை. செவிலியர் பட்டம் முடித்தவர் பதிவு செய்துகொண்டு வேலைக்குப் போகலாம். உளவியல் இளங்கலை அப்படிப்பட்ட பட்டம் இல்லை. நம் நாட்டில் 'மருத்துவ உளவியலாளர்' என்று ஒருவர் பணியாற்ற வேண்டுமானால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்றிருக்க வேண்டும். முதுகலை முடித்து, அதன்மேல் இரண்டு ஆண்டு எம்.ஃபில். பயிற்சி பெறுவதுதான் நெடுங்காலமாக அதற்கு வழி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இந்தத் தகுதியையே குறிப்பிடுகிறது.

இப்போது அந்த வழி மாறிக்கொண்டிருக்கிறது. 2022-இல் யு.ஜி.சி. கொண்டுவந்த ஆராய்ச்சிப் பட்ட விதிகள் எம்.ஃபிலை நிறுத்தின. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கிடைத்தது. அந்த இடத்தை நிரப்ப, மருத்துவ உளவியலில் நான்கு ஆண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ், எம்.ஏ., சை.டி. (களப்பயிற்சியை முதன்மையாகக் கொண்ட முனைவர் நிலைப் படிப்பு) ஆகியவற்றை ஆர்.சி.ஐ. வகுத்திருக்கிறது. இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியல் படிப்புகளுக்குப் புதிய சேர்க்கை கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. 2021-ஆம் ஆண்டின் துணைநிலை, உடல்நலத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் உளவியலும் வருவதுதான் காரணம். "அஞ்சல்வழியில எம்.எஸ்சி. சேர்த்துவிடுறோம்" என்று இன்று யாராவது அழைத்தால் பணம் கட்டாதீர்கள்.

இந்த மாற்றங்களை வைத்து வாட்ஸ்அப்பில் பரவும் செய்திகளைப் பார்த்து, 'துறையே மூடப்பட்டது' என்று கலங்க வேண்டாம். படிப்பின் பெயர்களும் வரிசையும்தான் மாறுகின்றன. வேலை அப்படியே இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதுகலைக்கு விண்ணப்பிக்கும் முன் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு ஒப்புதல் உண்டா என்று நீங்களே பாருங்கள். ஒரு படிப்புக்கு வாங்கிய ஒப்புதலைக் காட்டி வேறு படிப்புக்கு ஆள் சேர்ப்பதும் நடக்கிறது.

ஏமாற்றும் பயிற்சி மையத்தை அடையாளம் காண்பது கடினமில்லை. அங்கே பயிற்சிக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியிருக்கும். மேற்பார்வையாளர் (உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்தும் மூத்த நிபுணர்) யார் என்று கேட்டால் பெயர் வராது. பெயர் வந்தாலும் சி.ஆர்.ஆர். எண் (மறுவாழ்வுக் கழகத்தின் மையப் பதிவேட்டு எண்) வராது. முதல் வாரத்திலேயே உங்களைத் தனியாக ஒருவருக்கு 'கவுன்சலிங்' கொடுக்கச் சொல்வார்கள். பெருமையாக இருக்கும், ஆனால் உண்மையான மையம் எதுவும் அப்படிச் செய்யாது. கைரேகையை வைத்துக் குழந்தையின் அறிவுத்திறனைச் சொல்லும் டி.எம்.ஐ.டி. சோதனை, 'நடுமூளைத் தூண்டல்' ஆகியவற்றை விற்கும் இடங்களுக்குள் கால் வைக்காதீர்கள். இவற்றுக்கு அறிவியல் அடிப்படை கிடையாது. பிற்காலத்தில் நேர்முகத் தேர்வில் அந்தப் பெயர் உங்கள் விண்ணப்பத்தில் இருந்தால் தேர்வாளரின் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

சரி, எங்கே போவது? சென்னையிலும் சுற்றிலும் இருப்பவர்களுக்கு நல்ல இடங்கள் உண்டு. 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் சிகிச்சையிலும் மறுவாழ்விலும் ஆராய்ச்சியிலும் பெயர் பெற்றது. தெருவில் தனித்து விடப்பட்ட பெண்களுக்காக 1993-இல் தொடங்கப்பட்டது தி பேன்யன். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் ஈடுபட்டிருக்கும் சிநேகா, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டே நடக்கிறது.

திண்டுக்கல்லிலோ அரியலூரிலோ படிப்பவர் இந்தப் பட்டியலைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டப் பிரிவு இருக்கும். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறியும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கும். சிறப்புப் பள்ளியும் போதை மீட்பு இல்லமும் பெரும்பாலான ஊர்களில் உண்டு. என்னிடம் படித்தவர்களில் மிக நன்றாகத் தேறிய ஒருவர், சொந்த ஊர்ச் சிறப்புப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் பத்து மாதம் குழந்தைகளுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்தவர். ஒரு செயலைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் கற்பிப்பது எப்படி என்று அவருக்குப் பாடப்புத்தகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அனுமதிக் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். யார், எந்த ஆண்டு, எந்தெந்த நாள் வர முடியும், எத்தனை வாரம், என்ன பார்க்க விரும்புகிறீர்கள், துறைத்தலைவரின் கையொப்பம், இவ்வளவு போதும். 'மனித மனத்தின் ஆழங்களை அறியும் தணியாத ஆர்வம்' போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். கோப்புகளை அடுக்கவும் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளவும் தயார் என்று ஒரு வரி எழுதினால் அது வேலை செய்யும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து நேரில் போய்க் கேளுங்கள்.

உள்ளே போனதும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், என்ன பார்த்தீர்கள், மேற்பார்வையாளர் என்ன திருத்தினார் என்று எழுதி வாரம் ஒருமுறை அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். பெயர், ஊர், முகவரி எதுவும் அதில் வரக் கூடாது. சிகிச்சை விவரங்கள் வெளியே போகாமல் காக்கப்படுவது 2017 சட்டம் ஒவ்வொருவருக்கும் தந்திருக்கும் உரிமை. வளாகத்தில் எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதும் அந்த உரிமையை மீறக்கூடும்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களை வேறொன்றுக்கு ஒதுக்குங்கள். வருகிறவர்கள் தங்கள் வேதனையை எந்தச் சொல்லில் சொல்கிறார்கள்? நீங்கள் ஆங்கிலப் பாடநூலில் படித்த நோய்ப் பெயர்களை யாரும் வாசலில் சொல்லப்போவதில்லை. 'மனசே சரியில்ல', 'நெஞ்சு படபடங்குது', 'கை கால் ஓஞ்சு போச்சு', 'யோசனை ஓடிக்கிட்டே இருக்கு', 'எதுலயும் பிடிப்பு இல்ல' என்றுதான் சொல்வார்கள். 'எதுலயும் பிடிப்பு இல்ல' என்று ஒரு பாட்டி சொன்னால் அது மனச்சோர்வாக இருக்கலாம், கணவரை இழந்த துக்கமாகவும் இருக்கலாம், தைராய்டு கோளாறாகவும் இருக்கலாம். எது என்று பிரித்தறிய எத்தனை கேள்வி தேவைப்படுகிறது என்று மூத்தவர் கேட்பதைக் கவனித்து எழுதுங்கள். தமிழ்நாட்டில் இந்தத் தொழிலைச் செய்யப் போகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள அகராதி கிடையாது. யாரும் அதை உங்களுக்கு விற்கவும் முடியாது.

அடுத்தது ஆய்வுத் திட்டம். இறுதியாண்டில் பெரும்பாலோர் எடுப்பது 'கல்லூரி மாணவரிடையே மனச்சோர்வு'. பி.எச்.கியூ-9 என்ற வினாத்தாளைக் கூகுள் படிவத்தில் போட்டு, வகுப்புக் குழுவில் அனுப்பி, நூறு பதில் வாங்கிவிடுவார்கள். இதை நான் கடுமையாகத் தடுப்பேன். அந்த வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வி, இறந்துபோனால் நல்லது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணங்கள் வருகின்றனவா என்று கேட்பது. பெயரில்லாத படிவத்தில் ஒருவர் 'ஏறக்குறைய தினமும்' என்று குறித்திருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? யாரென்று தெரியாது, தேடவும் முடியாது. அவர் சொன்னதை நீங்கள் மட்டும் அறிவீர்கள். இருபது வயதில் அந்தச் சுமை உங்களுக்கு வேண்டாம். கேட்ட கேள்விக்கு உதவி கிடைக்காமல் போவது அவருக்கும் நியாயமில்லை. வழிகாட்டி ஆசிரியர், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், ஆபத்தான பதில் வந்தால் யார் யாரை எப்போது தொடர்புகொள்வது என்ற எழுத்துவழித் திட்டம் ஆகிய மூன்றும் இல்லாமல் அந்தக் கேள்வியை யாரிடமும் நீட்டாதீர்கள்.

அதற்குப் பதிலாகத் தூக்கத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நினைவாற்றலை, கவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1935-இல் ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை உங்கள் ஆய்வகப் பாடத்தில் இருக்கும்: பச்சை மையில் எழுதிய 'சிவப்பு' என்ற சொல்லைக் காட்டி மையின் நிறத்தைச் சொல்லச் செய்வது. அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக அமைத்து, தமிழ்வழியில் பள்ளிப்படிப்பு முடித்தவர்களுக்கும் ஆங்கிலவழியில் முடித்தவர்களுக்கும் எந்த மொழியில் தடுமாற்றம் கூடுகிறது என்று பாருங்கள். சைக்கோபை என்ற இலவச மென்பொருளில் இதை ஒரு வாரத்தில் அமைத்துவிடலாம். யாருக்கும் தீங்கில்லை, கேள்வி உங்களுடையது, விடை முன்கூட்டித் தெரியாதது. வினாத்தாள் ஒன்றைத் தமிழாக்கம் செய்வதாக இருந்தால் உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். பின்மொழிபெயர்ப்பும் (தமிழாக்கத்தை இன்னொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவது) செய்யுங்கள்.

புள்ளியியலைக் கண்டு அஞ்சி உளவியலுக்கு வந்தவர்கள் நம்மிடையே ஏராளம். தப்பிக்க வழியில்லை, இரண்டாம் ஆண்டிலேயே பழகிவிடுவது நல்லது. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளின் திருட்டுப் பிரதியைத் தேட வேண்டாம். ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவசம். உங்கள் பாடத்திட்டத்துக்குத் தேவையான கணக்கு எல்லாம் அவற்றில் உண்டு. படிக்க, ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்டிருக்கும் உளவியல் பாடநூல் இலவசம். இ-பி.ஜி. பாடசாலையில் முதுகலைப் பாடங்கள் இருக்கின்றன. சோத்கங்கா களஞ்சியத்தில் தமிழகப் பல்கலைக்கழகங்களின் முனைவர் ஆய்வேடுகளை முழுமையாகப் படிக்கலாம். ஆய்வுத் தலைப்பு முடிவு செய்யும் முன் அதில் ஒரு மாலை செலவிடுங்கள். சான்றிதழ் வேண்டியே தீரும் என்றால் என்.பி.டி.இ.எல். படிப்புகளை எடுங்கள். மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு இருப்பதால் அதற்கு மதிப்பு உண்டு.

எல்லோரும் மருத்துவ உளவியலுக்குப் போக வேண்டியதில்லை. பள்ளி ஆலோசனை, மனிதவளம், பயனர் ஆய்வு (செயலிகளை மக்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஆராய்வது), குற்றவியல் உளவியல், அறிதிறன் அறிவியல் எல்லாம் திறந்தே இருக்கின்றன. காந்திநகர் ஐ.ஐ.டி. அறிதிறன் அறிவியலில் எம்.எஸ்சி. நடத்துகிறது, அங்கே கோடை ஆய்வுப் பயிற்சித் திட்டமும் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் முதலான மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. முதுகலை நுழைவுத் தேர்வு வேண்டும். இறுதியாண்டுப் பொங்கல் விடுமுறைக்கு முன்பே அறிவிப்பு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் தேதியைத் தவறவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன்.

இனி வீட்டு விஷயம். "நீ சைக்காலஜிதானே படிக்கிற, இவன்கிட்ட கொஞ்சம் பேசிப் பாரேன்" என்று உறவினர் யாராவது ஒருநாள் கேட்பார்கள். மறுக்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள், பொறுமையாகக் கேளுங்கள். ஆனால் நோயின் பெயர் சொல்லாதீர்கள், சோதனை எதுவும் வைக்காதீர்கள். "நான் இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன் அத்தை. பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட வரேன்" என்று சொல்லலாம். சொன்னபடி கூடவே போங்கள். அதற்குத்தான் பல வீடுகளில் ஆள் இல்லை.

பிறழ்வு உளவியல் பாடம் தொடங்கியதும் உங்களுக்கே ஒவ்வொரு நோயும் இருப்பதுபோலத் தோன்றும். மருத்துவ மாணவர்களுக்கும் இது வரும். சில வாரங்களில் தணியும். அதற்காக இணையத்தில் வினாத்தாள்களை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டாம். தூக்கம், பசி, படிப்பு மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால் அது வேறு. மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆசிரியரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சாவு பற்றிய எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே அழையுங்கள். சிகிச்சை எடுத்தால் இந்தத் துறைக்கு வர முடியாதோ என்று மாணவர்கள் என்னிடம் மெல்லிய குரலில் கேட்பதுண்டு. வரலாம். வந்து, நன்றாக வேலை செய்துகொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.