எடை குறையட்டும் என்று காத்திருக்காதீர்கள்

டீம் லீட் பதவிக்கு அலுவலகத்துக்குள்ளேயே ஆள் எடுக்கிறார்கள். உங்களுக்குத் தகுதி இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. ஆனாலும் ‘பத்து கிலோ குறைத்துவிட்டு அடுத்த முறை பார்க்கலாம்’ என்று மனம் சொல்கிறதா? வீடியோ மீட்டிங் என்றால் ‘நெட் ஸ்லோ’ என்று சொல்லி கேமராவை அணைக்கிறீர்களா? கேன்டீனில் கூட்டம் கலைந்த பிறகுதான் தட்டை எடுக்கிறீர்களா? இவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும் மேலே படியுங்கள். உங்கள் வேலையை உங்கள் எடை கெடுக்கவில்லை. எடைக்காக நீங்கள் உங்களையே திட்டிக்கொள்வதுதான் கெடுக்கிறது.

பள்ளியில், கல்யாண வீடுகளில், துணிக்கடையில் மற்றவர்கள் சொன்ன ஏளனத்தைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் அதை நாமே நம்பத் தொடங்கிவிடுகிறோம். இதை அளப்பதற்கென்றே லாரா டர்ஸோ, ஜேனட் லாட்னர் என்ற ஆய்வாளர்கள் 2008-ல் 11 கூற்றுகள் கொண்ட ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். எடை எத்தனை கிலோ என்பது அதில் கேள்வியே இல்லை. எடைக்காக ஒருவர் தன்னை எவ்வளவு தாழ்வாக நினைக்கிறார் என்பதைத்தான் அது பார்க்கிறது. ஒரே எடையுள்ள இருவரில் ஒருவர் நிம்மதியாக வேலை பார்க்கலாம், இன்னொருவர் கண்ணாடியைக்கூடத் தவிர்க்கலாம்.

‘கொஞ்சம் உறைக்கிற மாதிரி சொன்னால்தான் குறைப்பார்கள்’ என்று நல்லெண்ணத்தோடே சொல்பவர்கள் நிறைய. அது நடப்பதில்லை. அவமானப்பட்ட மனம் ஆறுதலுக்குச் சாப்பாட்டைத் தேடும். ஜிம்முக்குப் போகக் கூசும். மருத்துவர் திட்டுவாரே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடும். பருமன் உள்ளவர்களை இழிவுபடுத்துவது உடலுக்கும் மனதுக்கும் தீங்கு என்று பன்னாட்டு மருத்துவ நிபுணர்கள் 2020-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் கூட்டாக அறிவித்தார்கள். பரம்பரை, தூக்கக் குறைவு, நைட் ஷிஃப்ட், ஸ்டீராய்டு போன்ற மருந்துகள், பிசிஓடி என்று எடைக்குப் பின்னால் எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ‘வாய்க்கட்டுப்பாடு இல்லை’ என்று சுருக்குவது அநியாயம்.

அதற்காக எடையைக் குறைக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் வேக நடை போன்ற உடற்பயிற்சி செய்வது என்ற இலக்கோடு பழக்கங்களை மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 90 கிலோ இருப்பவருக்கு 7 சதவீதம் என்றால் 6.3 கிலோதான். கல்லூரிக்கால இடுப்பளவு திரும்ப வரவேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். ரெபெக்கா பேர்லும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் 72 பேரை வைத்துச் செய்த சோதனை 2020-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு எடைக் குறைப்புப் பயிற்சி மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு, தன்னை இழிவாக நினைக்கும் பழக்கத்தை மாற்றும் பயிற்சியும் கொடுத்தார்கள். இரு பிரிவினருக்கும் எடை குறைந்தது, தன்னைப் பற்றிய இழிவெண்ணமும் குறைந்தது. சில அளவுகளில் இரண்டாவது பிரிவினருக்குக் கூடுதல் முன்னேற்றம். மனதுக்கு நேரம் ஒதுக்கியதால் எடைக் குறைப்பு பின்தங்கவில்லை என்பதை முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பயிற்சிகளெல்லாம் பேச்சும் எழுத்தும்தான். வீடியோ வழியாகவும் செய்யலாம்.

ஆன்லைன் கவுன்சலிங்குக்கு யாரிடம் போவது? நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது. அதனால் ‘நீங்கள் கிளினிகல் சைக்காலஜிஸ்டா? ரிஹேபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் பதிவு எண் என்ன?’ என்று தயங்காமல் கேளுங்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு இருக்கும். முதல் அமர்விலேயே இப்படிச் சொல்லுங்கள்: ‘எடையும் குறையணும், நான் என்னைத் திட்டிக்கிறதும் குறையணும். ரெண்டுக்கும் சேர்த்துத் திட்டம் போடுவீங்களா?’ ‘எடை குறைஞ்சா எல்லாம் தானா சரியாயிடும்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிடுவது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது இவற்றில் ஏதாவது இருந்தால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அப்போது டயட் பிறகு, சிகிச்சை முதலில்.

ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் மெயில் இரண்டையும் கவுன்சலிங்குக்குப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்திருக்கிறது. வீட்டில் தனியறை கிடைக்காதவர்கள் மொட்டை மாடியிலோ, நிறுத்திய காருக்குள்ளோ ஹெட்செட் போட்டுப் பேசுகிறார்கள். தாராளமாகச் செய்யலாம். செலவு கட்டுப்படியாகவில்லையா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அமர்வுகளில் என்ன நடக்கும்? பெரும்பாலும் எழுதச் சொல்வார்கள். ‘நான் பேசும்போது மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இவ்வளவு குண்டாக இருக்கிறவன் சோம்பேறி என்று நினைத்திருப்பார்’ என்று எழுதுகிறீர்கள். அடுத்த வரியில் அதற்கு என்ன சாட்சி? அவருக்கு மூன்று மணிக்கு இன்னொரு மீட்டிங் இருந்தது. போன மாதம் உங்கள் ரிப்போர்ட்டைத்தான் அவர் மேலிடத்துக்கு அனுப்பினார். இப்படி வாரக்கணக்கில் எழுதும்போது, உண்மை எது, பழைய ஏளனம் எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வருகிறது. பிறகு சின்னச் சின்னச் செயல்கள். இந்த வாரம் மீட்டிங்கின் முதல் ஐந்து நிமிடம் கேமராவைப் போடுவது (உங்கள் முகம் உங்களுக்கே தெரியாதபடி மறைத்துக்கொள்ள வசதி இருக்கிறது). அடுத்த வாரம் முழு மீட்டிங்கும். நோட்டில் எடையைக் குறிப்பதோடு, இந்த வாரம் எதைத் தவிர்க்காமல் செய்தீர்கள் என்பதையும் குறியுங்கள். எடை ஏறிய வாரத்தில் கைகொடுப்பது அந்த இரண்டாவது குறிப்புதான்.

சக ஊழியர்களுக்குச் சொல்லும் பதிலையும் கவுன்சலரிடமே ஒத்திகை பாருங்கள். ‘என்னம்மா, டயட் எல்லாம் போச்சா?’ என்று மூத்தவர் கேட்டால், ‘என் சாப்பாட்டைப் பத்திப் பேச வேண்டாம் சார். அந்தக் கோட்டேஷன் வந்துடுச்சா?’ போதும். குரல் உயர வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். ‘எளச்சிட்டியே, சூப்பர்!’ என்ற பாராட்டையும் ஒரு ‘தேங்க்ஸ்’ சொல்லிக் கடந்துவிடுங்கள். அதில் மயங்கினால் இரண்டு கிலோ ஏறும்போது அதே அளவு வலிக்கும். எடை குறைக்க ஊசி மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மௌஞ்சாரோ, வெகோவி போன்ற ஊசிகள் 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. எடை மளமளவென்று இறங்கினாலும், உள்ளே திட்டும் குரலை ஊசி நிறுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அலுவலக உடல்நலப் போட்டியில் எல்லோர் எடையையும் பட்டியல் போட்டு ஒட்டுகிறார்களா? ‘நடைப் போட்டியில் சேர்கிறேன். என் எடையைப் பட்டியலில் போட வேண்டாம்’ என்று எச்ஆருக்கு இரண்டு வரி மெயில் அனுப்புங்கள். எடையைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு காட்டுவதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976-லேயே சட்டத்தால் தடுத்தது. நியூயார்க் நகரம் 2023-ல் தடுத்தது. நம் நாட்டில் அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் பெண் ஊழியரின் உடலைப் பற்றிய பேச்சு பாலியல் சாயலோடு இருந்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ன் சட்டப்படி அலுவலகத்தின் உள் புகார்க் குழுவுக்குப் போகலாம். தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள்.

ஐந்தாறு அமர்வுகளுக்குப் பிறகும் பேசிவிட்டு வரும்போதெல்லாம் மனம் இன்னும் கனத்தால், கவுன்சலரிடமே அதைச் சொல்லுங்கள். நல்ல கவுன்சலர் கோபப்பட மாட்டார், வழிமுறையை மாற்றுவார் அல்லது உங்களுக்குப் பொருத்தமான இன்னொருவரிடம் அனுப்பி வைப்பார்.