நாணல் தவளைக்கு வெயிலும் வேண்டும்

தவளை என்றால் ஈரம். ஆகவே கண்ணாடித் தொட்டியை இறுக மூடி, வேளைக்கு ஒருமுறை நீர் தெளித்தால் போதும். ஆப்பிரிக்க நாணல் தவளைகளை வாங்கி வளர்க்கத் தொடங்குவோரிடம் முதலில் இருக்கும் நம்பிக்கை இது. காற்றோட்டமின்றி ஈரம் தேங்கிய தொட்டியில் தோல் நோய்கள் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால், கெடுதல் அதிகம் செய்வதும் இதுவே.

நாணல் தவளைகளின் பேரினமான ஹைப்பரோலியஸில் சகாராவுக்குத் தெற்கே 140-க்கும் மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. சில மழைக்காட்டுக்கு உரியவை. தொட்டிகளில் அதிகம் காணப்படுபவையோ புல்வெளிக் குளங்களின் கரையில் வாழ்பவை; மழையும் வறட்சியும் மாறிமாறி வரும் நிலத்துக்குப் பழகியவை. மேற்கு ஆப்பிரிக்காவின் ஹைப்பரோலியஸ் நிட்டிடுலஸ் குட்டிகள் வறட்சிக்காலத்தில் மண்ணுக்குள் பதுங்குவதில்லை. காய்ந்த புல்தண்டில் கைகால்களை உடலோடு ஒடுக்கிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் அசையாமல் ஒட்டியிருக்கின்றன. சூடு ஏற ஏற அவற்றின் தோல் வெளுத்துவிடும். தோலில் அடுக்கடுக்காக இருக்கும் பியூரின் படிகங்கள் ஒளியைத் திருப்பியனுப்புகின்றன. தோல் வழியே நீர் வெளியேறுவதும் மிகக் குறைவு. ஜெர்மானிய விலங்கியலாளர் லின்சன்மயரும் அவர் குழுவினரும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

அதற்காகத் தவளையைக் காயப்போடுவது கொடுமை. காட்டில் அந்தத் தாங்குதிறன் மெல்ல மெல்லப் பழகி வருவது. தொட்டியில் வலைமூடி, ஒரு பக்கம் விளக்கின் இளஞ்சூடு, மறுபக்கம் இலைநிழல், எப்போதும் ஒரு கிண்ணம் தண்ணீர், இரவில் தெளிப்பு என்று இருந்தால், தனக்கு வேண்டிய இடத்தைத் தவளையே தேர்ந்துகொள்ளும்.

ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டால் முட்டை வந்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. பெரும்பாலும் வராது. சில வாரம் தெளிப்பைக் குறைத்து, பிறகு தொடர்ந்து செயற்கை மழை பெய்வித்தால்தான் ஆண்கள் உற்சாகமாகக் கத்தத் தொடங்கும். முட்டையிடும் இடமும் இனத்துக்கு இனம் மாறும். வண்ண நாணல் தவளை நீருக்குள் இருக்கும் செடிகளில் இடுகிறது. வேறு சில இனங்கள் நீருக்கு மேலே தொங்கும் இலையில் இட, தலைப்பிரட்டைகள் அங்கிருந்து நீரில் விழுகின்றன. இனம் தெரியாமல் தொட்டி அமைப்பது வீண். குழாய்த் தண்ணீரின் குளோரினை அகற்றாமல் ஊற்றினால் தலைப்பிரட்டைகள் மிஞ்சா.

நிறத்தைப் பார்த்து இணை சேர்ப்பதிலும் ஏமாற்றம் உண்டு. பல இனங்களில் குட்டிகள் எல்லாம் மங்கிய பழுப்பு. பருவமடையும்போது பெண்கள் பளிச்சென்ற நிறம் பெறுகின்றன. ஆண்களில் சில நிறம் மாறும், சில வளர்ந்த பின்பும் குட்டியின் நிறத்திலேயே இருந்துவிடும். ஆகவே மங்கலாக இருப்பதெல்லாம் குட்டியும் அல்ல, பளிச்சென்று இருப்பதெல்லாம் பெண்ணும் அல்ல. தொண்டையைப் பார்ப்பதே நல்ல வழி: வளர்ந்த ஆணுக்குக் குரல்பைமேல் தடித்த தோல்மடிப்பு தெரியும்.

ஆண் தவளை பெண்ணாகிவிடும் என்ற கதை ‘ஜுராசிக் பார்க்’ படத்தால் பரவியது. 1989-இல் ஆய்வாளர் கிராஃபேயும் மேலே சொன்ன லின்சன்மயரும் வெளியிட்ட ஆய்வில் நடந்தது நேர்மாறானது: ஏற்கெனவே முட்டையிட்ட பெண் நாணல் தவளைகளில் சில ஆணாக மாறின. அதுவும் ஆய்வகத்தில் வளர்த்தவற்றில்தான்! இதை நம்பிப் பெண்களை மட்டும் வாங்கிவைத்துக் காத்திருப்பது பயன் தராது.

பெருகிய குட்டிகளைப் பக்கத்துக் குளத்தில் விடுவது புண்ணியம் என்று எண்ணுவோரும் உண்டு. தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை அவற்றோடு உள்ளூர்த் தவளைகளுக்குப் போகக்கூடும். நோயே இல்லாவிட்டாலும் வந்த இடத்தில் அவை நிலைத்துவிடலாம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரிய வண்ண நாணல் தவளை, 1990களின் பிற்பகுதியிலிருந்து அந்நாட்டின் மேற்குக் கேப் மாகாணத்திலும் தென்படத் தொடங்கி, பண்ணைகளில் வெட்டிய நீர்த்தேக்கங்களைப் பற்றிக்கொண்டு அங்கே பெருகியிருக்கிறது.